பன்னீர் திராட்சை மேல் போட்ட பழி

கொங்கு நாட்டில் திராட்சை ஒயின் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது ஒரு தீர்ப்பு: "பன்னீர் ஒயினுக்கு ஆகாதுங்க. அது தின்கிற பழம்." நாசிக் போய்த் தோட்டம் பார்த்துவிட்டு வந்தவர் சொல்கிறார். நாற்றுப் பண்ணைக்காரர் சொல்கிறார். சொந்தத்தில் ஒரு கொடிகூட நட்டிராமல் நட்சத்திர ஓட்டலில் இரண்டு கோப்பை குடித்தவர் இன்னும் உறுதியாகச் சொல்கிறார். கேபர்னே, ஷிராஸ், செனின் பிளாங்க் என்று பிரெஞ்சுப் பேருள்ள கொடியை நட்டால்தான் ஒயின்; தொண்டாமுத்தூர்ப் பந்தலிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் தொங்குகிற கருப்புப் பழம் தள்ளுவண்டிக்கும் ஜூஸ் கடைக்கும்தான் லாயக்கு என்பது இவர்கள் கட்சி.

இந்தக் கட்சி அடிப்படையிலேயே தப்பு. குற்றம் வெட்டுகிற நாளிலும் விலை போடுகிற முறையிலும் இருக்க, தண்டனை ரகத்துக்குப் போயிருக்கிறது.

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிடுவோம். சந்தையில் நாட்டுத் திராட்சை என்று கூவி விற்கிற பன்னீர், வெளியுலகத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்பட்ட ரகம். ஸ்கியாவா குரோசா என்ற ஆல்ப்ஸ் பக்கத்துக் கருப்புத் திராட்சையையும், மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற மத்தியதரைக்கடல் வட்டாரத்து வாசனைத் திராட்சையையும் இணைத்து, 1850-ஐ ஒட்டி இங்கிலாந்தில் உருவாக்கியது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஆண்டில் இந்த ரகமே பிறந்திருக்கவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு கொடியாக இருக்கலாம், ஆண்டு பிசகியிருக்கலாம், வரலாற்றுக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். "ஐரோப்பிய ரகம்தான் வேண்டும்" என்று அடம்பிடிப்பவர்களின் சொந்த நிபந்தனையைப் பன்னீர் ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டது. கேபர்னேவும் ஷிராஸும் எந்த இனமோ அதே விடிஸ் வினிஃபெரா இனம். மஸ்கட் ஹாம்பர்க் என்று சீட்டு ஒட்டி நட்டிருந்தால் இவர்களே கைகட்டி நின்று பார்த்திருப்பார்கள். தள்ளுவண்டியில் பார்த்துப் பழகிவிட்டதால் கீழ்ச்சாதியாகிவிட்டது.

எதிர் வரிசையில் நிற்கும் நாட்டு ரகப் பற்றாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரோடு மாவட்டத்தில் இவர்கள் ஏராளம். காங்கேயம் மாடு, நாட்டுக் கம்பு என்று மீட்டுக்கொண்டிருக்கும் நல்ல மனிதர்கள். பன்னீரையும் அதே வண்டியில் ஏற்றி, "நம்ம மண்ணின் திராட்சை, அதனால்தான் ஒதுக்குகிறார்கள்" என்கிறார்கள். ஒதுக்குவது உண்மை, மண்ணின் திராட்சை என்பது உண்மையில்லை. திராட்சைக் குடும்பத்தில் நம் காட்டுக்கே சொந்தமானது வேண்டுமென்றால் கிளுவை வேலியில் ஏறிக் கிடக்கிற பிரண்டையைக் காட்டலாம். அருமையான துவையல் ஆகும், ஒயின் ஆகாது. புறநானூற்றில் யவனர் மது வருகிறதே, அரிக்கமேட்டில் ஒயின் சாடிகள் கிடைத்தனவே என்றால், அதெல்லாம் கப்பலில் வந்து இறங்கிய சரக்குக்கு ஆதாரம். இங்கே கொடி வளர்த்ததற்கு ஆதாரமாகாது. பன்னீருக்குப் பழம்பெருமை கட்டிக்கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லை. பிறப்பைச் சொல்லி உயர்த்தப் போனால், பிறப்பைச் சொல்லித் தாழ்த்துபவனின் வாதத்தை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பிறப்புப் பார்ப்பதென்றால் முழுக்கப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் பெயர்பெற்ற ஒயின் தோட்டங்களில் மேலே பிரெஞ்சுக் கொடி, மண்ணுக்குள்ளே டாக்ரிட்ஜ் போன்ற அமெரிக்க வேர்ச்செடி. டாக்ரிட்ஜ் டெக்சாஸ் மாநிலத்துக் காட்டுக் கொடி. உப்பையும் வறட்சியையும் தாங்கும் என்பதால் இந்தியா முழுக்க அதன்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். பிரான்சிலேயே 1860களில் ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்து தோட்டங்களை அழித்த பிறகு, அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள். உலகத்தின் உசத்தியான ஒயின்களில் பெரும்பகுதி இன்றைக்கும் அந்த வேரில்தான் நிற்கிறது.

சரி, ஐரோப்பாவில் பிறந்தாலும் தின்பதற்கென்று பிறந்த பழம்தானே என்று அடுத்த படியில் இறங்கி நிற்பார்கள். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பிரான்சில் வாந்தூ மலையடிவாரத்தில் இதே ரகத்தைத் தின்னும் பழமாகத்தான் வளர்க்கிறார்கள். 1997இல் அதற்குத் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பும் வாங்கினார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு ஒயினுக்கென்று வேறு ரகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இதைத் தொட்டியில் போட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அவசியம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கிரேக்க நாட்டில் திர்னவோஸ் என்ற ஊரே இந்தப் பழத்தால் பேர் வாங்கியது. அங்கே இதிலிருந்து ஒயினும் எடுக்கிறார்கள், சிப்புரோ என்ற சாராயமும் வடிக்கிறார்கள். மஸ்கட் வாசனைதான் அந்தச் சாராயத்தின் அடையாளம். சீனாவில் 1980இல் ரெமி மார்ட்டின் என்ற பிரெஞ்சு கம்பெனி தியான்ஜின் நகரத்தாரோடு கூட்டுச் சேர்ந்து டைனஸ்டி ஒயின் ஆலையைத் தொடங்கியது. முதலில் எடுத்தது மஸ்கட் ஹாம்பர்க்கிலிருந்து, தோலோடு ஊறவிடாமல் பிழிந்த வெள்ளை ஒயின். பிரான்சிலிருந்து போனவர்கள் அங்கே கிடைத்த பழத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கலிஃபோர்னியாவின் மதேரா வட்டாரம் நம் கோடைக்குச் சளைக்காத வெயில் காடு. அங்கே குவேடி என்ற ஆலை இதே கருப்பு மஸ்கட்டில் எலிசியம் என்ற இனிப்பு ஒயினை எடுத்து உலகம் முழுக்க விற்கிறது.

வெயில் என்றதும் இன்னொரு வாதம் நினைவுக்கு வருகிறது. குளிர்காலத்தில் கொடி உறங்க வேண்டும், நம்மூரில் உறங்குவதே இல்லை, அப்புறம் எங்கே ஒயின் என்பார்கள். பிரேசிலில் சான் ஃபிரான்சிஸ்கு ஆற்றுப் பள்ளத்தாக்கு தெற்கு அட்சரேகை 9 டிகிரியில் இருக்கிறது. கம்பம் வடக்கே 10 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அங்கேயும் கொடி உறங்காது. தண்ணீரை நிறுத்தியும் கவாத்து செய்தும் தூங்கவைத்து எழுப்பி, ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை எடுக்கிறார்கள். அதில் மஸ்கட் குடும்பத்துப் பழத்தின் நுரை ஒயினும் உண்டு. இந்த வாதம் அதோடு முடிந்தது.

இப்போது உண்மையான குற்றவாளியிடம் வருவோம்.

பழத்தில் உள்ள சர்க்கரையை பிரிக்ஸ் கணக்கில் அளப்பார்கள். ஈஸ்ட் தின்று சாராயச் சத்தாக மாற்றுவது அந்தச் சர்க்கரையைத்தான். பிரிக்ஸ் எண்ணில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சாராய விழுக்காடு கிடைக்கும் என்பது குத்துமதிப்பான கணக்கு. 22 பிரிக்ஸில் வெட்டினால் 12 விழுக்காடு. 15இல் வெட்டினால் எட்டைத் தாண்டுவதே சிரமம். எட்டு விழுக்காட்டு ஒயின் வீரியம் போதாமல் தண்ணீராட்டம் இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். நம் தோட்டங்களில் பன்னீர் பெரும்பாலும் 15, 16இல் நிற்கும்போதே வெட்டு விழுகிறது. வியாபாரி கருத்த நிறம் பார்க்கிறார், காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கிறார், லாரி போய்ச் சேருகிற வரை பழம் உதிராமல் நிற்குமா என்று பார்க்கிறார். இன்னும் பத்து நாள் கொடியில் விட்டால் சர்க்கரை ஏறும். எடை குறையும், உதிரும், குருவியும் மழையும் பங்கு கேட்கும். அந்தப் பத்து நாளுக்கு விவசாயிக்கு யாரும் ஒரு ரூபாய் கூடக் கொடுப்பதில்லை. அப்புறம் அவர் ஏன் விடுவார்?

காய்ப்புச் சுமையையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு பன்னீருக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் என்கிறது. விதையில்லா ரகத்துக்கு 15 டன். ஏக்கர் கணக்கில் பன்னீர் 12 டன், இரண்டு வெள்ளாமையும் சேர்த்து. நாசிக்கில் ஒயினுக்கென்று வளர்க்கிறவர்கள் ஏக்கருக்கு நாலைந்து டன்னோடு நிறுத்திக்கொள்வார்கள். மிச்சக் கொத்தைப் பிஞ்சிலேயே கிள்ளிப் போடுகிறார்கள். இலை செய்கிற சர்க்கரை ஓர் அளவுதான். அதைப் பத்துக் கொத்துக்குப் பங்கிட்டால் ஒரு ருசி, இருபதுக்குப் பங்கிட்டால் வேறு ருசி. ஒரே கொத்தில் பாதி கருத்தும் பாதி சிவந்தும் நிற்கிறதே, பன்னீரின் அந்தப் பழைய நோய்க்கும் சுமை ஒரு முக்கியக் காரணம். இப்படிப் பாரம் ஏற்றி, அரைப் பழுப்பில் வெட்டி, அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுப் பார்த்துவிட்டு "ரகம் சரியில்லை" என்றால் அது என்ன நியாயம்? ஏக்கருக்கு 12 டன் ஷிராஸைக் காய்க்கவிட்டு 15 பிரிக்ஸில் வெட்டிப் பாருங்கள். அதுவும் கழனித் தண்ணீர்தான்.

விலை முறைதான் இதற்கெல்லாம் வேர். கொங்கு விவசாயிக்குத் தரத்துக்கு விலை என்பது புதுப் பாடமா? ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. சென்னிமலையைச் சுற்றி எந்தப் பால் சொசைட்டியிலும் லிட்டரை மட்டும் பார்த்துப் பணம் போடுவதில்லை. கொழுப்பும் இதரச் சத்தும் அளந்துதான் போடுகிறார்கள். தண்ணீர் கலந்தால் நஷ்டம், நல்ல தீவனம் போட்டால் லாபம் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவும் அறிவார். திராட்சைக்கு மட்டும் கிலோ, கிலோ, கிலோ. பிரிக்ஸ் பார்க்கிற கருவி உள்ளங்கையில் அடங்கும். ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 டன்னுக்கு 3,60,000. சுமையைப் பாதியாக்கி 6 டன் எடுக்கச் சொன்னால், அதே வரும்படிக்குக் கிலோ 60 ரூபாய் கொடுக்க வேண்டும். 60 ரூபாயா என்று ஆலைக்காரர் வாயைப் பிளக்க வேண்டாம். 750 மில்லி புட்டிக்கு ஏறக்குறைய ஒன்றே கால் கிலோ பழம் போதும். அப்படியானால் புட்டியில் பழத்தின் பங்கு 75 ரூபாய். பல நூறு ரூபாய்க்கு விற்கிற புட்டியில் 75 ரூபாய் தாங்காது என்பவர், பழத்தைவிடச் சீட்டுக்கும் கார்க்குக்கும் பெட்டிக்கும் அதிகம் செலவழிக்கிறவராக இருப்பார்.

பன்னீர் ஒயின் குடித்துப் பார்த்தேன், பாகு மாதிரித் தித்திக்கிறது என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அவர்கள் குடித்தது கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சாடியில் போட்ட ஒயின். பழத்தின் எடைக்குச் சர்க்கரை, கைப்பிடி கோதுமை, ரொட்டி ஈஸ்ட், பட்டை, கிராம்பு. பண்டிகைக்கு அது நல்ல வழக்கம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பேசுவது கடைச் சர்க்கரை. அதை வைத்துப் பன்னீரை எடைபோடுவது சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு அரிசிக்குத் தீர்ப்புச் சொல்வதற்குச் சமம்.

பன்னீரால் முடியாதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோல் மெல்லிசு, சாயம் குறைவு, துவர்ப்பு போதாது. மைபோலக் கருத்து, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊறி முதிர்கிற சிவப்பு ஒயினை இதிலிருந்து எதிர்பார்க்கிறவர் ஏமாந்து போவார். வெப்பமான இரவில் பழத்தின் புளிப்பும் இறங்கிவிடும். அதைக் கவனிக்காவிட்டால் ஒயின் சப்பென்று ஆகும். ஆகஸ்டை ஒட்டி வருகிற மழைக்கால வெள்ளாமையை, அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடித்துக் களைத்த பழத்தை, இந்தப் பேச்சிலேயே சேர்க்கக் கூடாது. நான் பேசுவது ஏப்ரல், மே மாதத்துக் கோடைப் பழத்தைப் பற்றி. அதிலிருந்து எடுக்கக்கூடிய இளஞ்சிவப்பு ஒயின், நுரை ஒயின், இனிப்பு ஒயின் பற்றி. இந்த மூன்றிலும் முதல் மரியாதை வாசனைக்குத்தான். வாசனையில் பன்னீரை மிஞ்சுகிற பழம் நம் பந்தல்களில் கிடையாது. பேரே அதனால் வந்ததுதான்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை: பிராந்தி. தமிழ்நாட்டுக் கடைகளில் ஓடுகிற சரக்கே அதுதான். பிராந்தி என்றால் உலகத்துக்குத் திராட்சைச் சாராயம்; இங்கே பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றிய பண்டம். ஒரு பக்கம் திராட்சை விலை விழுந்து கொத்தைக் கொடியிலேயே விடுகிற விவசாயி, இன்னொரு பக்கம் திராட்சையே பார்க்காத பிராந்தியைக் குடிக்கிற ஊர். திர்னவோஸ்காரன் கேட்டால் சிரிப்பான்.

பிரெஞ்சு ரகத்தை நட்டுக் கரையேறுங்கள் என்று புத்தி சொல்பவர்கள் மகாராஷ்டிரத்தின் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 2001இல் அந்த மாநில அரசு திராட்சைப் பதனத் தொழிலுக்கென்று கொள்கை வகுத்து வரிச் சலுகை கொடுத்தது. ஆலைகள் முளைத்தன, விவசாயிகள் ஒயின் ரகம் நட்டார்கள். 2008க்குப் பின் விற்பனை சரிந்து, பெரிய ஆலை ஒன்றும் நொடித்தபோது, பழத்தை வாங்க ஆளில்லை. ஒயின் ரகத்தின் பழம் சிறுத்தது, விதை மிகுந்தது. சந்தையில் தின்பதற்கு வாங்க மாட்டார்கள். பலர் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். பன்னீர் வைத்திருப்பவருக்கு அந்தக் கதி வராது. ஆலை வாங்கினால் தொட்டிக்கு, வாங்காவிட்டால் மண்டிக்கு. கையில் மூலதனம் இல்லாத இரண்டு ஏக்கர்க்காரருக்கு இதைவிடப் பெரிய காப்பீடு எது? ரகம் தேர்ந்தெடுக்கும்போது ருசி பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டாமா?

ரகத்தின் மேல் வருகிற கெட்ட பேர் எப்போதும் நாக்கிலிருந்து வருவதில்லை என்பதற்குப் பிரான்சே சாட்சி. அளவுக்கு மீறி ஒயின் தேங்கிக் கிடந்த 1934இல், இசபெல்லா, நோவா, ஜாக்கே முதலான ஆறு அமெரிக்கக் கலப்பு ரகங்களை அங்கே சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். அவை பெரும்பாலும் ஏழைக் குடியானவர்கள் மருந்தடிக்காமல் வளர்த்த கொடிகள். அவற்றைக் குடித்தால் புத்தி பேதலிக்கும் என்ற பேச்சும் நாட்டில் பரவியது. அந்த இசபெல்லாவின் வம்சம்தான் நம் பெங்களூர் புளூ. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. இந்தியாவில் போர்ட் என்ற பேரில் விற்கிற இனிப்பு ஒயினுக்கு நெடுங்காலமாக அதுதான் கைகொடுத்தது.

எங்கள் பக்கம் திராட்சை அதிகமில்லை. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துக்கு மேலே மேட்டாங்காடு, சரளை கலந்த செம்மண், கடலையும் சோளமும் மேய்ச்சல் புல்லும். சென்னிமலை முருகனுக்கு அபிஷேகம் செய்கிற தயிர் புளிப்பதில்லை என்பது ஐதீகம். அந்த ஊர்க்காரன் புளிக்க வைக்கிற தொழிலுக்குப் பரிந்து பேசுவதைக் கேட்டு மலைமேல் இருப்பவரே சிரிப்பார். ஆனாலும் சொல்கிறேன்: சொற்பத் தண்ணீரில் கொஞ்சமாகக் காய்த்துக் கெட்டியாகச் சர்க்கரை ஏற வேண்டிய பழத்துக்கு, 12 டன் எடுக்கத் துடிக்கிற வண்டல் பூமியைவிட இப்படிப்பட்ட மெலிந்த காடு பொருந்தும். டாக்ரிட்ஜ் வேரில் கட்டிய பன்னீரைச் சொட்டுநீரில் கால் ஏக்கர் வைத்துப் பார்க்க எந்தக் கொள்கையும் தேவையில்லை. ஆலை வராவிட்டால் பழத்தைச் சென்னிமலைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம்.

குடியே கூடாது என்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்கள் வீட்டில் டாஸ்மாக் என்ன செய்தது என்பதை நான் அறிவேன். ஆனால் இந்த அரசு குடியை ஒழித்துக்கொண்டிருக்கவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கிறது. தென்னை, பனை வைத்திருக்கும் கொங்கு விவசாயி கள் இறக்க 1987 முதல் தடை. அதை எதிர்த்து இங்கே ஓர் இயக்கமே நடக்கிறது. ஆலைச் சாராயத்துக்கு அரசுக் கடை, விவசாயியின் மரத்துக்கும் கொடிக்கும் பூட்டு என்ற ஏற்பாட்டில் "பன்னீர் ஒயினுக்கு ஆகாது" என்ற பேச்சு யாருக்குச் சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள். பழம் ஆகாது என்று சொல்லிவிட்டால் சட்டத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகும், ஆகாது என்பதை முறையாகச் சோதித்துச் சொல்லக்கூடிய இடம் நம்மிடமே இருக்கிறது. தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம்; தலைமையகம் கோவையில். கோடை வெள்ளாமையில் சில வரிசைகளில் மட்டும் கொத்தைப் பாதியாகக் குறைத்து, 21 பிரிக்ஸ் தாண்டிய பிறகு வெட்டி, அதே தோட்டத்தின் வழக்கமான பழத்தையும் தனியே எடுத்து, இரண்டையும் ஒரே ஈஸ்டில் ஒரே மாதிரி நொதிக்கவைத்து, பேர் மறைத்துச் சுவைக்கக் கொடுக்க வேண்டும். முடிவைத் தமிழில் அச்சிட்டு விவசாயிகள் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை ரகத்தின் மேல் தீர்ப்பு எழுத ஒருவருக்கும் உரிமையில்லை.

தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, தீத்திபாளையம் பக்கம் பந்தல் வைத்திருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வெட்டுக்கு வியாபாரி வரும்போது, எடைச் சீட்டில் கிலோவுக்குப் பக்கத்தில் பிரிக்ஸுக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லிக் கேளுங்கள்.